சவுக்குக் கணக்கில் ஒன்று கூடுதல்

செங்கல்பட்டில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்றில் கடலோரச் சவுக்குக் கணக்கீட்டு அலுவலகம் இயங்கி வந்தது. கோவளத்திலிருந்து செய்யூர் வரை, மணல் ஊருக்குள் ஏறாமல் இருக்க அரசாங்கம் சவுக்கு நட்டிருந்தது. நடுவது ஒரு இலாகா. வெட்டுவது இன்னொரு இலாகா. நட்டதற்கும் வெட்டுவதற்கும் இடையில் மரங்கள் எத்தனை என்று சொல்வதற்குத்தான் இந்த அலுவலகம். கடலோரத்தில் வைத்தால் ஃபைல்களில் மணல் விழும் என்பதால் கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த பதினான்கு பேரில் சிலர் கடலைப் பார்த்தும் இருந்தார்கள், காணும் பொங்கலன்று, குடும்பத்தோடு.

அலுவலகத்தின் உயிர் படிவம் நான்கில் இருந்தது. அதில் இரண்டு பெரிய கட்டங்கள்: 'உயிருடன் உள்ளவை', 'பட்டவை'. அடியில் பொடி எழுத்தில், 'ஐயத்துக்குரியவை பட்டவையாகக் கொள்ளப்படும்' என்று அச்சடித்திருக்கும். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம், 'நீர் ஊற்றும் கிழமை'. மாமல்லபுரத்துக்கு வடக்கே காவல் இருக்கும் ஆள் வருடத்துக்கு ஒரு தபால் கார்டு போடுவான், இத்தனை மரம் பாதி காய்ந்து நிற்கிறது என்று. அலுவலகம் அவற்றைப் பட்டவையில் சேர்க்கும். ஒவ்வொன்றிலும் கத்தரிப்பூ நிற மையால் பெருக்கல் குறி போடும்படி அவனுக்குக் கடிதம் போகும். மை பாட்டில் பின்னாலேயே பார்சலில் போகும்.

பதினொரு வருடமாக அந்தக் கட்டத்தை நிரப்பி, அந்தக் கடிதத்தை எழுதி வந்தவள் பிரபாவதி.

1976 பிப்ரவரி பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, நான்கு மாத விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு, ஊர்ப்பேச்சில் கரண்ட், முப்பது தடவை வைத்திருந்தார்கள். இப்போது செவ்வாய்தோறும் ஊசி. ஏப்ரலில் மறுபடி கரண்ட். குரல் பாதி போய்விட்டது. ரவிக்கைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் ஓய்வா இருக்கலாமே" என்றார் டாக்டர். "வீட்டில யாரெல்லாம் இருக்காங்க?"

"ஒரு ரேடியோ இருக்கு" என்றாள் பிரபாவதி.

அம்மா போய் ஆறு வருடம். அண்ணன் ஜபல்பூரில், மாதம் ஒரு இன்லண்டு கடிதம். கொளவாய் ஏரியைப் பார்த்த அந்த ஒற்றை அறையில், சனிக்கிழமை சாயங்காலம் வாயை மூடினால் திங்கட்கிழமை காலையில்தான் திறக்க வேண்டியிருக்கும். அலுவலகத்தில் யாராவது, "பிரபாவதி, அந்த அறுபத்தெட்டு ஃபைல் எங்கே?" என்று கத்துவார்கள். நான்கு மாதமாக அவள் ஏங்கியது அந்தக் கத்தலுக்குத்தான். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சான்றிதழ் எழுதினார்: 'இவர் வேலை செய்யலாம். செவ்வாய்க்கிழமைகளில் சிகிச்சைக்கு வர வேண்டும்.'

பத்து மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது பதின்மூன்று தலைகள் நிமிர்ந்தன. சுவரில், 'பேச்சைக் குறை, வேலையைப் பெருக்கு' என்று அந்த வருடம் எல்லா அலுவலகங்களிலும் மாட்டியிருந்த பலகை. யாரும் பேசவில்லை. அவள் நாற்காலியில் காலி மை பாட்டில்கள் அடுக்கியிருந்தன. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, நேர்த்தியாக அடித்திருந்தார்கள்.

கண்காணிப்பாளர் ராமானுஜம் எழுந்து வந்தார். ஐம்பது வயது, கனத்த கண்ணாடி, மெதுவான மனிதர். பதினொரு வருடமாக மதியம் ஒரு மணிக்கு அவர் திருக்கழுக்குன்றத்துத் தங்கை போட்ட வடுமாங்காயும் பிரபாவதியின் தயிர்சாதமும் ஒரே மேஜையில்தான் இருக்கும். இப்போது இரண்டு மேஜை தள்ளி நின்றுகொண்டார்.

"வாங்க. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் சார். பேரை அடிச்சிருக்கே?"

"அது... ஆஸ்பத்திரியிலேருந்து நோய் இன்னதுன்னு காகிதம் வந்ததில்லையா. அதிகாரி முன்யோசனைக்காரர். கடைசி நேரத்துல அவசரப்படக்கூடாதுன்னுட்டார்." ராமானுஜம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். "இரங்கல் தீர்மானம் தயாரா இருக்கு. நாலு பிரதி. தேதி மட்டும் போடலை." கொஞ்சம் தயங்கினார். "வந்தது வந்துட்டீங்க. பொறந்த வருஷம் சரியான்னு பாத்துடுங்களேன்."

பிரபாவதி வாங்கிப் பார்த்தாள். "முப்பத்தினாலு இல்ல சார், முப்பத்தாறு."

"அடடா. மறுபடி டைப் அடிக்கணும்."

டைப் அடித்த தாளோடு ராமானுஜம் கையால் எழுதிய நகலும் இருந்தது. 'அவரது கையெழுத்து முத்துப்போன்றது. விடுப்புகளை மிகக் குறைவாகவே எடுத்தார்.' அதன் கீழ் ஒரு வரி: 'மதிய வேளையில் அவருடைய இடம் காலியாக இருப்பது கண்ணை உறுத்துகிறது.' அதை மட்டும் அதிகாரியின் பச்சை மை அடித்திருந்தது. ஓரத்தில், 'தேவையற்றது.'

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ராமானுஜம் அதை ஒரு மூலையில் பிடித்து வாங்கிக்கொண்டார்.

அதிகாரி ராஜாராம் அவளை உடனே கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க. இல்ல, நில்லுங்க. உக்காந்தா வேலையில சேந்த மாதிரி ஆயிடும்." சான்றிதழை இரண்டு முறை படித்தார். "அம்மா, உங்க நிலைமைக்கு நான் ரொம்ப வருத்தப்படறேன். வருத்தப்பட்டதுக்கு ஃபைல்லயே ஆதாரம் இருக்கு. ஆனா இந்த டாக்டர் என்ன எழுதியிருக்கார் பாருங்க. வேலையும் செய்யலாம், சிகிச்சையும் வேணும். ஒருத்தர் நோயாளியா இருந்தா நான் லீவு குடுப்பேன். ஊழியரா இருந்தா வேலை குடுப்பேன். ரெண்டுமா வந்து நின்னா எதைக் குடுக்கறது?"

"வேலையைக் குடுங்க சார். செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு குடுங்க."

"அதாவது திங்கட்கிழமை குணமா இருப்பீங்க, செவ்வாய்க்கிழமை நோயாயிடுவீங்க, புதன்கிழமை மறுபடி குணமாயிடுவீங்க. வாராவாரம் குணமாகற ஊழியரை என்னுடைய இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை."

"சார், நான் வேலை செய்வேன்."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. உங்க மேல அரசாங்கத்துக்கு இருக்கற அக்கறையினாலதான் உங்களை உள்ள விட முடியலை." குரலைத் தணித்துக்கொண்டார். "முப்பது நாள் டயம் இருக்கு. 'முழுக் குணம்'னு ஒரு வரி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா மார்ச் பதினேழாம் தேதி சாயங்காலத்தோட உடல் தகுதியின்மை ஓய்வு. பென்ஷன் வரும். வீட்டோட நிம்மதியா இருக்கலாம்."

"அந்த வரியை டாக்டர் எழுத மாட்டார் சார். அது பொய்."

"பொய்யா நிஜமான்னு நாங்க பாக்கறதில்லை அம்மா. கையெழுத்து இருக்கா, முத்திரை இருக்கா, அதைத்தான் பாப்போம்." அவர் பார்வை அவள் கழுத்துக்குப் போய் நின்றது. "அது என்ன மை?"

பிரபாவதி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கரண்ட் வைக்கற இடத்துக்குக் குறி சார். அடுத்த தடவை வரைக்கும் அழிக்கக் கூடாது."

"கத்தரிப்பூக் கலர். பெருக்கல் குறி வேற. நம்ம ஆபீஸ் மையா?"

"ஆஸ்பத்திரி மை."

"ரெண்டு மாசம் நிக்குமா?" அதிகாரி ஒரு துண்டுத்தாளில் எதையோ குறித்துக்கொண்டார். "எந்த கம்பெனின்னு கேட்டு வையுங்க."

முடிவு வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்காரலாம் என்று அனுமதி கிடைத்தது. ஊழியராக இல்லாத ஒருவர் அலுவலக எல்லைக்குள் இருந்தால் பார்வையாளர் பதிவேட்டில் எழுத வேண்டும். பிரபாவதி எழுதினாள். பெயர்: பிரபாவதி. வந்த காரியம்: வேலை. யாரைப் பார்க்க: யாரையும் இல்லை. ஒரு பார்வையாளர் அரை மணிக்கு மேல் தங்கக் கூடாது என்று விதி இருந்ததால், அரை மணிக்கு ஒரு முறை கையெழுத்துப் போட்டு வெளியே போய், வாசல் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தாள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று தடவை.

நான்காம் நாள் ராமானுஜம் ஒரு ஃபைலோடு வராந்தாவுக்கு வந்தார். படிவம் நான்கின் பழைய கூட்டல் யாருக்கும் புரியவில்லை. பார்வையாளரிடம் அபிப்பிராயம் கேட்பதில் தடை ஏதும் இல்லையென்று அதிகாரி கருதினார். ஃபைலைப் பெஞ்சின் அந்தக் கோடியில் வைத்து, மரஸ்கேலால் மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு தினமும் ஏழெட்டு ஃபைல்கள் ஸ்கேலில் வந்தன, ஸ்கேலில் போயின. இரண்டு வாரத்தில் பார்வையாளர் பதிவேடு தீர்ந்துபோயிற்று. புதுப் பதிவேடு கேட்டு எழுதும் வேலை பிரபாவதியின் பிரிவைச் சேர்ந்தது. ஆகவே அதையும் அவளே எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை ஒரு மெமோ காத்திருந்தது: 'பார்வையாளர் முன்னறிவிப்பின்றி வருகை தராததற்கு விளக்கம் தருக.'

அலுவலகத்துக்குத் தண்ணீர் கொண்டுவருபவள் வேண்டா. ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். தொண்டை காய்ந்துகொண்டே இருப்பதால் பிரபாவதிக்குக் கால் மணிக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டும். அவளுக்கென்று தனி டம்ளர் வைத்து, அதில் சிவப்பு நூல் கட்டச் சொல்லியிருந்தார்கள்.

"இன்னாம்மா இது, ஒட்டிக்குமா?" என்று வேண்டா கேட்டாள்.

"ஒட்டாது. டாக்டர் சொன்னார்."

"இவுங்க டாக்டரக் கேக்கல, அவுங்களுக்குள்ளியே கேட்டுக்கினாங்க." வேண்டா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நூலு கட்டறதுக்கு இது இன்னா, கோயிலு மரமா?"

நூல் போனதும் எது அவள் டம்ளர் என்று தெரியாமல் போயிற்று. மறுநாள் எல்லோரும் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த நாள், டம்ளரை முக்கும் பானை ஒன்றுதானே என்று ஒருவருக்குத் தோன்றியது. அதோடு பானையை விட்டுவிட்டார்கள். மார்ச் வெயிலில் பதின்மூன்று பேர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்க, வராந்தாவில் ஒரு முழுப் பானைத் தண்ணீர் பிரபாவதிக்கு மட்டும் குளிர்ந்துகொண்டிருந்தது. வேண்டா போன பிறகு அவள் அதோடுதான் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

வருடக் கணக்கு மார்ச் பதினைந்துக்குள் மெட்ராசுக்குப் போயாக வேண்டும். அந்த வருடம் மேலிடம் புதிதாக ஒரு நிபந்தனை வைத்தது: குறியிட்ட மரங்களை யாராவது நேரில் பார்த்து எண்ணியிருக்க வேண்டும். அலுவலகத்தில் இப்படி ஒரு நெருக்கடி முன்பு வந்ததில்லை. இருவருக்கு முழங்கால் வலி வந்தது. மூவர் வீட்டில் சீமந்தம் நடந்தது. அதிகாரி விதிகளைப் புரட்டினார். 'எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் களக்கணக்கு எடுக்கலாம்' என்று ஓரிடத்தில் இருந்தது.

"காத்தாட இருக்கும்" என்றார் பிரபாவதியிடம். "உங்க உடம்புக்கும் நல்லது. இங்க இருக்கறவங்களுக்கும் நல்லது."

அவள் ஒப்புக்கொண்டாள். அலுவலகக் காகிதம் ஒன்றில் அவள் கையெழுத்து விழும். அது ஏதாவது ஒரு கணக்கில் சேரும் என்று நினைத்தாள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் மாமல்லபுரம் போய், அங்கிருந்து தேவநேரிக் குப்பம் தாண்டி மணலில் நடந்தாள். நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருந்தது. தோப்புக்குள் ஓலைக் கொட்டகை ஒன்று. வாசலில் காவலாள் சடையன் ஆட்டுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும்.

"யாரு?"

"செங்கல்பட்டு ஆபீஸ்."

"ஆபீஸ்லேர்ந்து இங்க யாரும் வந்ததில்லியே. பஸ்ஸு தப்பா ஏறிட்டியா?"

"மரம் எண்ண வந்திருக்கேன். பேரு பிரபாவதி."

சடையன் கையை உதறிவிட்டு எழுந்தான். "காயிதத்துல கையெழுத்துப் போடறது நீதானா? 'பட்டவையாகக் கொள்ளப்பட்டு'ன்னு வருமே, டீக்கடையில படிச்சுக் காட்டுவாங்க. யாரோ பெரிய ஆபீசருன்னு நெனச்சுகினு இருந்தேன். வா, உன்னோடத காட்றேன்."

தோப்புக்குள் கூட்டிப்போனான். உயரமான சவுக்குகள், ஊசி இலை மெத்தை, ஒவ்வொரு அடிமரத்திலும் மங்கிய கத்தரிப்பூ நிறத்தில் பெருக்கல் குறி.

"இது அறுவத்தேழுல நீ சாவடிச்சது. இது அறுவத்தொம்போது. அதோ, படகு கட்டிக்கீதே, அது எழுவதுல."

பிரபாவதி அண்ணாந்து பார்த்தாள். "உயிரோட நிக்குதே."

"நின்னுகினுதான் கீது. அத்த யாரு கேட்டாங்க? பாதி காஞ்சுதுன்னு கார்டு போட்டேன். நீ செத்துச்சுன்னு எழுதிட்டே. நான் குறி போட்டேன்." இடுப்பிலிருந்த மீன் கத்தியால் பட்டையை லேசாகச் சுரண்டினான். உள்ளே பச்சை. "மறு வருசமே தழைஞ்சிக்கிச்சு. தழைஞ்சத எழுதறதுக்கு உன் காயிதத்துல எடமில்லன்னு டீக்கடக்காரன் சொல்லிட்டான்."

"ஏன் வெட்டாம விட்டே?"

"வெட்டச் சொல்லி உத்தரவு வர்ல. வந்திருந்தா வெட்டிருப்பேன். வெறகுக்கு ஆவும்."

காற்று வேகமாக அடித்து அவள் தலைப்பைத் தள்ளியது. சடையன் கழுத்தைப் பார்த்தான்.

"ஐயே, உனுக்கும் போட்டுட்டாங்களா?"

"போட்டிருக்காங்க. இன்னும் முடிவு பண்ணலை" என்றாள் பிரபாவதி.

அன்று அவள் வேறு எதுவும் எழுதவில்லை. பதினொரு வருடம், மின்விசிறிக்கடியில், பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை நம்பி அவள் முத்துப்போன்ற கையெழுத்தில் சாகடித்தவை எல்லாம் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்தன. கொட்டகை வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். பேச்சு மாதிரியே இருந்தது. ஆனால் ஒரு வார்த்தையும் அவளைப் பார்த்துச் சொன்னதாக இல்லை.

இரவு அவள் குப்பத்தில் ஒரு வீட்டில் தங்கினாள். மறுநாள் எண்ண ஆரம்பித்தார்கள். முப்பது மரத்துக்கு மேல் அவளால் நடக்க முடியவில்லை. "நீ குந்து" என்றான் சடையன். குறி போட்டதில் பச்சையாக இருப்பதற்கு ஒரு கிளிஞ்சல், நிஜமாகவே காய்ந்ததற்கு ஒரு கூழாங்கல் என்று இரண்டு கூடையில் போட்டுக்கொண்டே வந்தான். வெள்ளிக்கிழமை மதியம் அவள் எண்ணிப் பார்த்தாள். கிளிஞ்சல் முன்னூற்றுப் பதினைந்து. கூழாங்கல் தொண்ணூற்றேழு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அலுவலகப் பேரேட்டில் பதினொரு வருடத்துக்கும் சேர்த்து நானூற்றுப் பதினொன்றுதான்.

"ஒண்ணு கூட வருதே சடையன்."

"வராதே. குறி போட்டதெல்லாம் எண்ணுன்னு சொன்னே, எண்ணினேன்." அவன் கூடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உன்னியும் சேத்துகினேன். அதான் ஒண்ணு."

"என்னை எதுல போட்டே?"

"கிளிஞ்சல்லதான். நடந்துகினு கீறே, எண்ணிகினு கீறே, கல்லுலயா போடுவாங்க?"

பிரபாவதி பேனாவைத் திறந்தாள். முன்னூற்றுப் பதினான்கு என்று எழுதினால் கணக்கு நேராகிவிடும். பதினொரு வருடத்தில் அவள் கூட்டல் ஒரு தடவையும் தவறியதில்லை. கொஞ்ச நேரம் கிளிஞ்சல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உயிருடன் உள்ளவை 315, பட்டவை 97, ஆக மொத்தம் 412 என்று எழுதினாள். நீர் ஊற்றும் கிழமை என்ற கட்டத்தில், 'செவ்வாய்' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

படிவம் சனிக்கிழமை மெட்ராசுக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது: 'நட்டது, பட்டது எதிலும் சேராமல் ஒன்று கூடுதல். நேரில் கண்டு உடன் உறுதி செய்க.'

மார்ச் பதினேழு, புதன்கிழமை காலை பிரபாவதி கடைசியாக ஒரு தடவை பெஞ்சில் உட்கார வந்தபோது ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. "ஏறுங்க" என்றார் அதிகாரி. அவர் மடியில் ஒரு தோல்பை. அதில் அவளுடைய ஓய்வு உத்தரவு இருந்தது, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போடுவதற்காக. பின்பக்கம் அவளும் ராமானுஜமும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜீப்பில் ஸ்கேலுக்கு இடமில்லை. முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "நான்தான் ஒண்ணு கூட எழுதிட்டேன் சார்" என்றாள் மெதுவாக.

ராமானுஜம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும். கூட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

தோப்பில் ராமானுஜம் இரண்டு தடவை எண்ணினார். நானூற்றுப் பதினொன்று. அதிகாரி நம்பவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய அவரே எண்ணினார். நானூற்றுப் பதினொன்று. மூன்று மணி ஆகிவிட்டது.

"மெட்ராசுக்கு நானூத்திப் பன்னிரண்டுன்னு போயிடுச்சு" என்றார், ஜீப்பைப் பிடித்துக்கொண்டு. "போகற வரைக்கும்தான் அது எண்ணிக்கை. போனப்புறம் அது உண்மை. உண்மைக்கு ஒரு மரம் குறைஞ்சா நான் என்ன பதில் சொல்றது? இந்த ஆபீஸ் இதுவரைக்கும் ஒரு தடவை கூடத் தப்பா எண்ணினதில்லை."

"எண்ணினதே இல்லையே சார்" என்றார் ராமானுஜம்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன்."

சடையன் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தான். "இன்னா சார் தேடறீங்க?"

"ஒண்ணு குறையுது."

"குறையாதே. அந்தம்மாவ சேத்துகினீங்களா?"

அதிகாரி திரும்பினார். பிரபாவதி ஜீப் நிழலில் மணலில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. அதிகாரி அவள் கழுத்தை வெகுநேரம் பார்த்தார். இருபத்தாறு வருட சர்வீஸ் அந்த முகத்தில் ஓடியது.

"ராமானுஜம், படிவம் நாலை எடுங்க. அதுல மரம்னு எங்கேயாவது போட்டிருக்கா?"

ராமானுஜம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "உயிருடன் உள்ளவை, பட்டவை. குறியிடப்பட்டவைன்னு இருக்கு. மரம்னு தனியா சொல்லலை சார்."

"ஆனா இவங்க ஐயத்துக்குரியவங்க. விதிப்படி பட்டவையில போகணும்."

"பட்டவை தொண்ணூத்தேழுன்னு போயாச்சு சார். அதுவும் இப்ப உண்மை. தொண்ணூத்தெட்டு ஆக்க முடியாது."

அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, காற்றில் பறக்காமல் சடையன் ஒரு பக்கமும் ராமானுஜம் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, பச்சை மையில் எழுதினார்: 'வரிசை எண் 412 என்னால் நேரில் பார்வையிடப்பட்டது. குறி தெளிவாக உள்ளது. உயிருடன் உள்ளது. நீர் ஊற்றும் கிழமை செவ்வாய் என்பதும் ஏற்கப்படுகிறது.'

கையெழுத்துப் போட்ட பிறகுதான் தோல்பையின் நினைவு வந்தது. ஓய்வு உத்தரவை வெளியே எடுத்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உயிரோட இருக்கறதா காலையில... இல்ல, மூணு மணிக்கு நானே சான்று குடுத்த ஒருத்தரை, அஞ்சு மணிக்குத் தகுதியில்லைன்னு நானே அனுப்ப முடியாது. என் கையெழுத்தை நானே சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்." உத்தரவை நாலாக மடித்தார். "நாளைக்குக் காலையில சேந்துக்குங்க. அந்த டாக்டர் சான்றிதழ் வேணாம். அது குழப்பம்."

சடையன் பிரபாவதி பக்கம் குனிந்தான். "எழுந்திரு. உன்ன ஒத்துகினாங்களாம்."

வியாழக்கிழமை காலை நாற்காலியிலிருந்து மை பாட்டில்களை எடுத்திருந்தார்கள். பதிவேட்டில் அடித்த பெயருக்குக் கீழே அதே பெயரைப் புதிதாக எழுதி, அடைப்பில் 412 என்று போட்டிருந்தார்கள். அவள் மேஜையைச் சுற்றியிருந்த மேஜைகள் எல்லாம் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தன. யாரும் பெயர் சொல்லிக் கத்தவில்லை. வேலை வேண்டியவர்கள் ஃபைலை வேண்டாவிடம் கொடுத்தனுப்பினார்கள். "நான் தண்ணி எடுக்கறதா, காயிதம் எடுக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கொண்டுவந்து போட்டாள்.

பகல் பன்னிரண்டரைக்கு ராமானுஜம் இழுப்பறையைத் திறந்தார். "இந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுடலாமா?"

"டைப் அடிச்ச நாலும் ஃபைல்ல இருக்கட்டும் சார். என்னிக்காவது தேதி போட வேண்டியிருக்கும். கிழிச்சா மறுபடி டைப் அடிக்கணும்." பிரபாவதி கையை நீட்டினாள். "கையால எழுதினதை மட்டும் எனக்குக் குடுங்க."

"அதுல ஒரு வரி அடிச்சிருக்கு."

"தெரியும்."

அவர் கொடுத்தார். இந்தத் தடவை மூலையில் பிடிக்கவில்லை. அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஒரு மணி அடித்தது. எல்லோரும் வெளித் திண்ணைக்கும் டீக்கடைக்கும் போய்விட்டார்கள். பிரபாவதி தயிர்சாதத்தைத் திறந்து, அது தொண்டையில் இறங்கும் அளவுக்கு மோர் விட்டுக் கரைத்தாள். நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. ராமானுஜம் எதிரே வந்து உட்கார்ந்து, வடுமாங்காய் டப்பாவின் மூடியைத் திருகினார். திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தவர் போல நிறுத்தினார்.

"உங்களுக்குக் காரம் ஆகாதில்ல?"

"ஆகாது."

"அப்ப மூடிடட்டா?"

"வேணாம் சார்" என்றாள் பிரபாவதி. "தொறந்தே இருக்கட்டும். வாசனை வருது."